விருந்தாளி இல்லை என்று எழுதினேன்

நான் பொய் எழுதினேன். ஒரு வீட்டுப் படிவத்தில் அல்ல, என் பொறுப்பில் தரப்பட்ட அத்தனை வீடுகளின் படிவங்களிலும். ஒரே கேள்விக்கு, ஒரே பொய்.

'அளவெடுத்த நாட்களில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்களா?' என்பது கேள்வி. அதற்கு நேரே இருந்த கட்டத்தில், எல்லோரும் மெச்சுகிற என் கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதினேன். அந்த விருந்தாளி நான்தான்.

நீங்கள் சிரிப்பீர்கள். இதையா இத்தனை வருடம் ஒளித்து வைத்தாய், இதற்கா ஒரு வாக்குமூலம் என்று... சிரியுங்கள். அந்த ஒற்றைச் சொல்லால் ஒரு பெண்ணின் தொழில் படுத்துவிட்டது. அதைக் கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் அது உங்கள் பாடு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பெருமைக்காரி. எங்கள் குடியேற்றத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவள் தலையைக் குனிந்துகொண்டு பேச வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அது என்னால் ஆகாது. குனியப் பழகியிருந்தால் இந்தக் குற்றமே நடந்திருக்காது.

தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான நாங்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு நடக்கத் தெரியாது. உம்மா இடுப்பில் சுமந்து வந்தார். புத்தளத்துக்கு வடக்கே, கரைத்தீவுப் பக்கம், களப்பு என்னும் கடல்நீரேரியின் ஓரத்தில், தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கியது எங்கள் குடியேற்றம். அங்கேதான் வளர்ந்தேன். உயர்தரம் சித்தியடைந்தேன். சிங்களத்தைப் பேசுவதற்கு மட்டுமல்ல, கடிதம் எழுதும் அளவுக்குப் பழகினேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் கோப்போடு வேலைக்குப் போன முதல் பெண் எங்கள் குடியேற்றத்தில் நான்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அட்டையைக் கழற்ற மனம் வராது. "தொழுகைக்கும் அதோடதான் நிக்கப் போறியா?" என்று உம்மா கேலி செய்வார்.

வேலை என்னவென்றால், அடுப்பை நிறுப்பது.

இந்த நாடு வருடத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டை வானத்துக்கு விடுகிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வு அது. எவ்வளவு எண்ணெய் எரிந்தது, எவ்வளவு நிலக்கரி எரிந்தது என்பதற்கெல்லாம் கொழும்பில் தாள்கள் இருக்கின்றன. கப்பலில் வருவது எழுதப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் வீட்டு அடுப்பில் எரியும் விறகை யார் எழுதி வைப்பார்கள்? வீடு வீடாகப் போய் அளந்தால்தான் உண்டு. அதற்குத்தான் எங்களை எடுத்தார்கள்.

புத்தளம் நகரில் பயிற்சி நடந்தது. எங்கள் குழுத் தலைவர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர், அவரை 'சேர்' என்றுதான் அழைப்போம். அவர் சுவரில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினார். பல பத்தாண்டுகளாக இந்த நாடு விட்டது முழுவதும் ஒரே கோடாக ஓடியது. இடப்பக்கம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. யுத்தம் நடந்த காலத்திலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு, வாகனங்களும் நிலக்கரி மின்சாரமும் சேர்ந்து, இன்னும் செங்குத்தாக ஏறியது.

மற்றவர்கள் அந்த ஏற்றத்தைப் பார்த்தார்கள். நான் என்ன தேடினேன் தெரியுமா? தொண்ணூறைத் தேடினேன். இடைவேளையில் எழுந்து போய் விரலை வைத்தே பார்த்தேன். ஒரு மாகாணத்து முஸ்லிம்கள் முழுப்பேரும் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்ட வருடம். அந்த இடத்தில் கோட்டில் ஒரு சுளிவுகூட இல்லை. எத்தனை அடுப்புகள் அணைந்தன... நாட்டின் கோட்டுக்குத் தெரியவே இல்லை!

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கோட்டின் மீது யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன். எங்கள் அடுப்பின் புகையும் இந்த நாட்டின் புகைதான், அதை அளந்து இந்தப் படத்தில் ஏற்றிக் காட்டாமல் விடமாட்டேன் என்று அங்கேயே மனதுக்குள் சபதம் எடுத்தேன்.

அளக்கும் முறை இலகுவானது. முதல் நாள் காலை வீட்டு விறகைத் தொங்குதராசில் நிறுத்து ஒரு மூலையில் அடுக்க வேண்டும். அந்த அடுக்கிலிருந்து மட்டும்தான் அவர்கள் எரிக்க வேண்டும். மறுநாள் காலை போய் மிச்சத்தை நிறுக்க வேண்டும். இப்படி மூன்று நாட்கள். வழமைபோலவே சமைக்கச் சொல்லுங்கள் என்று சேர் திருப்பித் திருப்பிச் சொன்னார். விருந்தாளி வந்திருந்தால் அப்படியே எழுதுங்கள், அந்த வீட்டை வேறொரு வாரம் மறுபடி அளக்கலாம் என்றார். முக்கியமாக, அந்த வீடுகளில் நீங்கள் சாப்பிடாதீர்கள் என்றார்.

சாப்பிடாதீர்களாம்! சேருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

எங்கள் அடுப்பை வெளியார் எட்டிப் பார்ப்பது புதிதல்ல. நிவாரண அட்டையோடு வாழ்ந்த காலத்தில் எத்தனையோ பேர் வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பார்வையைத் தாங்கிய பெண்கள் அவர்கள். இப்போது அடுப்பையே நிறுக்க ஒருத்தி வருகிறாள், அதுவும் தங்கள் கைக்குள் வளர்ந்த பிள்ளை அட்டையோடு வருகிறாள் என்றால், வெறும் அடுப்பைக் காட்டுவார்களா?

முதல் வீட்டில் நெய்ச்சோறு. இரண்டாம் வீட்டில் ரொட்டியும் இறால் கறியும். மூன்றாம் வீட்டில் என்னைக் கேட்காமலே வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தார்கள். "வழமைபோல ஆக்குங்க" என்று நான் சொல்லச் சொல்ல, "இது வழமைதான் புள்ள, நீ எழுது" என்று என் முன்னால் பாயை விரித்தார்கள்.

கடுமையாக மறுத்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். மறுக்கவில்லை. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தராசைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? சோம்பலா? அதுவும் கொஞ்சம். 'ஆம்' என்று எழுதினால் எல்லா வீட்டையும் மறுபடி அளக்க வேண்டும், மறுபடி போனால் மறுபடி நெய்ச்சோறு. ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. அந்த வீடுகளின் வழமை எனக்குத் தெரியும். காலையில் ஒரு தரம் அடுப்பு எரியும். அந்தச் சோறுதான் பகலுக்கும். இரவுக்குக் கடைப் பாணும் சம்பலும். என் உம்மாவின் வீட்டிலும் அதுதான் வழமை. அதை எடை போட்டு, அந்தச் சின்ன எண்ணைக் கொழும்புக்கு அனுப்ப என் கை கூசியது. பசித்த வீடு என்று எழுதப்படுவதைவிட, நிறைய எரிக்கிற வீடு என்று எழுதப்படுவது மேல் என்று நினைத்தேன்.

மற்றபடி என் வேலையில் குறை சொல்ல முடியாது. விறகு காய்ந்ததா ஈரமா என்று ஒடித்துப் பார்த்து எழுதினேன். தென்னம்பாளையைத் தனியாக, சிரட்டையைத் தனியாக நிறுத்தேன். தராசைத் தினமும் காலையில் சரிபார்த்தேன். ஒரு பொய்யைச் சுற்றி இவ்வளவு நேர்மையை அடுக்கியவள் வேறு யாராவது இருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

இப்போது சரீனா மாமியிடம் வருகிறேன்.

சரீனா மாமி விதவை. இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் உறவு அல்ல, நாலு வீடு தள்ளி இருந்தார், நான் மாமி என்று அழைத்தே வளர்ந்தேன். இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்னரே அவருடைய பெரிய சட்டி அடுப்பில் ஏறிவிடும். அவித்து முடிந்த தணலிலேயே வீட்டுக்கு ஒரு சோறு, ஒரு கறி. வீட்டுச் சமையலுக்கென்று அவர் தனியாக ஒரு கொள்ளி வைத்ததை நான் கண்டதில்லை. விறகைக் குடியேற்றத்தின் பின்னாலிருந்த பற்றைக்காட்டிலிருந்து தலையில் சுமந்து வருவார். விழுந்த கொப்புகள்தான். பச்சை மரத்தில் கை வைக்க மாட்டார்.

நான் தராசோடு போன மூன்று நாட்களும் அவர் வீட்டில் தனியடுப்பு எரிந்தது. முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரே கோழியை அறுத்துக் கறியாக்கினார். இடியப்பத்துக்கு எரிந்த விறகைக் கவனமாகப் பிரித்து வேறு கட்டத்தில் எழுதினேன். அதில் பிழையே விடவில்லை. மூன்றாம் நாள் நான் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்ன எழுதுறாய்?"

"விருந்தாளி வந்தாங்களா எண்டு கேட்டிருக்கு மாமி. இல்ல எண்டு எழுதிட்டன்."

"சரிதானே. நீ என்னத்துக்கு விருந்தாளி? எங்கட புள்ள," என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்த வளவை விட்டு எவ்வளவு சந்தோஷமாக வெளியே வந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

படிவங்கள் போய்ச் சேர்ந்தன. சேர் எல்லோர் முன்னிலையிலும் என்னுடையவற்றைத் தூக்கிக் காட்டினார். குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் அளந்தவர்களின் தாள்களில் 'ஆம், மச்சான் வந்தார்', 'ஆம், பக்கத்து வீட்டார் சாப்பிட்டார்கள்' என்று எங்கும் கிறுக்கல், எங்கும் வெட்டுத் திருத்தம். என்னுடையவை சுத்தம். ஒரு வீட்டுக்குக்கூட விருந்தாளி வராத முஸ்லிம் குடியேற்றம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. எனக்குக் கை தட்டினார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு எங்கள் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சேரும் வனத் திணைக்கள அதிகாரிகள் சிலரும் வந்தார்கள். சேர் சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். மேடையில், ஒலிவாங்கிக்கு முன்னால், அட்டையோடு நின்றேன். முன்வரிசையில் உம்மா இருந்தார். என் வாழ்க்கையில் நான் மிகப் பெருமையாக நின்ற நாள் அதுதான்.

சேர் சொன்னார், நான் சொன்னேன். இந்தக் குடியேற்றம் அயலூர்களைவிட மிகக் கூடுதலாக விறகு எரிக்கிறது. காடு இதைத் தாங்காது. வீட்டுக்கொரு புதிய களிமண் அடுப்புத் தரப்படும், அதற்குக் கொஞ்ச விறகு போதும். பற்றைக்காட்டுப் பாதை இனி மூடப்படும்.

கடைசி வசனம் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே விளங்கியது.

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "நாங்க எங்க இவ்வளவு எரிக்கிற? ஆர் அளந்த?" என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டார். சேர் என்னைப் பார்த்தார். "அளந்தது நான்தான். பிழை இல்லை," என்றேன். இரண்டு மொழியிலும் சொன்னேன்.

அப்போது சரீனா மாமி எழுந்தார்.

அவருக்குத் தெரியும். அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும், அந்த விறகு எந்தச் சட்டியின் கீழ் எரிந்தது, அந்தச் சோற்றை யார் தின்றது என்று. 'புள்ள, அது உனக்கு ஆக்கினதெல்லோ' என்று ஒருத்தி சொன்னால் போதும். அறிக்கை அங்கேயே கிழிந்துவிடும். பாதை திறந்திருக்கும்.

மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் புது அடுப்பில பெரிய சட்டி நிக்குமா எண்டு கேட்டுச் சொல்லு," என்றார்.

நான் சிங்களத்தில் கேட்டேன். நிற்காது, இது குடும்பச் சட்டிக்கு மட்டும்தான் என்றார் சேர். நான் தமிழில் சொன்னேன். மாமி "சரி" என்று உட்கார்ந்தார்.

உங்களுக்கு விளங்காவிட்டால் சொல்கிறேன். எங்கள் மத்தியில், ஒருவருக்குப் போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவது கேவலம். சண்டையில்கூடச் சொல்ல மாட்டார்கள். அத்தனை பெண்களும் தங்கள் விறகுப் பாதையை விட்டுக்கொடுத்தார்களே தவிர, நீ தின்றாய் என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பிறந்தவள் நான். இதை எழுதும்போதும் என் நெஞ்சு நிமிர்கிறது... நிமிரலாமா? கூடாதுதான். நிமிர்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டார். "அவங்க சொல்ல மாட்டாங்க. நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்கு அலுவலகத்து விஷயம் விளங்காது," என்று எரிந்து விழுந்தேன். உம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

பாதையில் கம்பி வேலி வந்தது. மாமி சில மாதங்கள் லொறியில் வரும் விறகை வாங்கி எரித்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள் பெரிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புத்தளத்து உப்பளத்துக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். உப்புத் தண்ணீரில் பகல் முழுக்க நின்று உப்பை வாரிக் குவிக்கும் வேலை. பாதங்கள் வெடித்துப் பிளந்தன.

நான் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில்தான் அவரும் வருவார். எனக்கு முந்தியே வந்து ஏறிவிடுவதால், பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். நான் உட்காருவேன். என் வேலையைப் பற்றி விசாரிப்பார். நான் பெருமையாகச் சொல்வேன். அவர் இறங்கி நொண்டி நொண்டி நடப்பதைப் பார்க்காமல் இருக்க, கோப்பைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

சொல்ல எத்தனை காலைகள் கிடைத்தன! ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? இருக்கலாம். அட்டை இல்லாத கழுத்தோடு அந்தக் குடியேற்றத்தில் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுதான் உண்மை.

வேலையில் உயர்ந்தேன். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு வந்தது. அதற்கு முன்னர் கொழும்பில் எங்களுக்கே ஒரு பயிற்சி வைத்தார்கள். அதே கோடு, இன்னும் நீளமாக, இன்னும் உயரமாக. பல வருடங்கள் காத்திருந்த கேள்வியைச் சேரிடம் கேட்டேன். எங்கள் குடியேற்றத்து விறகு இதில் எந்த இடத்தில் இருக்கிறது?

சேர் சிரித்தார். இந்தக் கோட்டில் விறகே இல்லையே என்றார். விறகிலிருந்து வருவதைத் தனியாக எழுதி வைப்பார்களாம். மரம் மறுபடி வளர்ந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டு, இந்த மொத்தத்தோடு சேர்ப்பதில்லையாம். கோட்டை ஏற்றியது எண்ணெயும் நிலக்கரியும்தான்.

நான் எதை ஏற்றிவைக்கச் சபதம் எடுத்தேனோ அது அங்கே இல்லவே இல்லை.

உப்பளத்தில் நின்று மேற்கே பார்த்தால், களப்புக்கு அப்பால் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும். மாமி பகல் முழுக்க அதற்கு எதிரே நின்றுதான் உப்பு வாரினார். கோட்டை ஏற்றியது அங்கே எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தப்பட்டது இவருடைய கொள்ளிக்கட்டை.

இதைச் சொல்லி என் பங்கைக் குறைக்கப் பார்க்கிறேனா? இல்லை. புகைபோக்கியைக் கட்டியது நானல்ல. பாதையை மூடிய எண்ணை எழுதியது நான்.

பிறகு எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. அந்தக் காலத்தில் கோடு இறங்கியது. எரிக்க ஒன்றும் இல்லாததால் இறங்கியது. பயிற்சி வகுப்பில் அந்த இறக்கத்தைக் காட்டி நான் சொன்னேன்: "எண் சிறிதாக இருந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் என்ன இல்லை என்று கேளுங்கள்." எழுந்து நின்று கை தட்டினார்கள். நன்றாகத்தான் பேசினேன். பேசியவள் யார்? தனக்குத் தெரிந்த சின்ன எண்ணை நெய்ச்சோற்றால் மூடி அனுப்பியவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரத்தில், மாமி வீட்டுக்குப் போனேன். மாமி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமி, அண்டைக்கு நான் 'இல்ல' எண்டு எழுதினது பொய். உங்கட தொழில் போனது என்னாலதான்."

அவர் தடவுவதை நிறுத்தவில்லை. "தெரியும் புள்ள," என்றார்.

"நான் சேருக்கு எழுதிக் குடுக்கப் போறன். பாதையத் திறக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"என்னெண்டு எழுதுவாய்?"

"நீங்க எனக்காக ஆக்கின எண்டு. வழமையா ஒரு நேரம்தான் அடுப்பு எரியும் எண்டு."

அவருடைய கை நின்றது. சரீனா மாமி கோபப்பட்டு நான் அன்றுதான் கண்டேன்.

"அப்பிடி எழுதப்படாது. உப்பளத்தில நிக்கிறதுக்கு எனக்கு வெக்கமில்ல. கால் வெடிச்சாலும் பறவாயில்ல. ஒரு நேரம் ஆக்கித் திண்ட வீடு எண்டு என்ட வீட்ட ஒரு கடதாசியிலயும் நீ எழுதப்படாது. என்ட மகள்மார் ரெண்டு பேரும் வாழப் போன எடத்தில இருக்கிறாளுகள். அவங்கட மாமிமார் அதக் கேள்விப்படணுமா?"

"ஆனா பாதை, மாமி..."

"பாதை போனாப் போகட்டும். மானத்த வித்து வெறகு பொறுக்கணுமா? அல்லாஹ்வ முன்னிட்டுச் சொல்லு, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு."

சொன்னேன். அல்லாஹ்வை முன்னிட்டுச் சொன்னேன். மாமி எண்ணெய்ப் போத்தலை மறுபடி எடுத்தார்.

சேருக்கு நான் எழுதவில்லை. பாதை மூடியே கிடக்கிறது. மாமி இன்னும் உப்பளத்துக்குப் போகிறார்.

அப்படியானால் உங்களிடம் ஏன் சொன்னேன்? பாரம் தாங்கவில்லை என்று சொல்லலாம். அது முழு உண்மையல்ல. தங்கள் பங்கையெல்லாம் எனக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட அந்தப் பெண்கள் எவ்வளவு பெரிய மனிதர்கள் என்று யாராவது அறிய வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பெருமைதான்... மறுபடியும் அதே பெருமைதான். அதற்காக வாக்கையும் உடைத்துவிட்டேன்.

சரீனா என்பது அவருடைய பெயரல்ல. மாற்றியிருக்கிறேன். மகள்மார் வாழப்போன ஊர்களையும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடியேற்றத்தில் இடியப்பம் அவித்து விற்றவர் ஒருவர்தான்.